ஒரு பை மல்லாட்டையும் நாலு ஜிபி ரேமும்

எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று உலகத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தயவுசெய்து நம்பாதீர்கள். கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ரகம் நான். பிள்ளையின் காய்ச்சலை இரண்டு தெர்மாமீட்டரில் பார்த்து, இரண்டும் வேறு வேறு காட்டியதால் மூன்றாவது வாங்கியவள். (மூன்றாவது இன்னொன்று காட்டியது.) அனுபவத்தில் சொல்கிறேன்: என்னைப் போன்றவர்கள் எல்லா இடத்தையும் பார்த்துவிடுவோம், பார்க்க வேண்டிய இடத்தைத் தவிர.

எங்கள் வீடு விழுப்புரத்தில். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், நாலு வயதை எட்டிக்கொண்டிருந்த மகள் இனியா, என் மாமனார். அப்புறம் ஒரு பழைய கம்ப்யூட்டர். வீட்டுக்காரர் காலேஜ் படிக்கும்போது வாங்கியது. நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே வந்துவிட்டதால் மாமா அதை 'மூத்த மருமக' என்பார். எங்கள் இருவருக்கும் ஒரு வித்தியாசம்தானாம். அது சூடானால் சத்தம் போடும், நான் சத்தம் போட்டுவிட்டுச் சூடாவேன்.

அந்தச் சூட்டுக்காகவே அதன் ஒரு பக்கத் தகட்டை எப்போதோ கழற்றிவிட்டு, திறந்த வயிற்றுக்கு நேராக ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்திருந்தோம். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எங்கள் ஊர் வெயிலில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பல வீடுகளில் இதுதான் ஏற்பாடு.

குழந்தை பிறப்பதற்கு முன்பு நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஜூன் மாதம் திரும்ப வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் பள்ளி வேனில் ஏற வேண்டும். ஏழு மணிக்கு இனியா என் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பாள். அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டுக் கிளம்ப எனக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் வீட்டிலிருந்தே ஆன்லைனில் கணக்கு சொல்லித்தரும் வேலை ஒன்று கண்ணில் பட்டது. விண்ணப்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள். அது சரியாக அமைந்தால் குழந்தை பக்கத்திலேயே இருப்பேன். அமையாவிட்டால் ஏழு மணி வேன்.

வகுப்புக்கு முன்னால் கம்ப்யூட்டரைச் சோதித்துக்கொள்ள ஒரு சிறிய மென்பொருளை அனுப்பியிருந்தார்கள். ஓட்டிப் பார்த்தேன். திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: 'நினைவகம் போதாது.' (அன்று காலைதான் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்திருந்தேன். யாரைச் சொல்கிறது என்று ஒரு கணம் திகைத்துவிட்டேன்.)

நாலு ஜிபி ரேம் இருந்தது, எட்டு வேண்டுமாம். ரேம் என்பது என்ன என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். சமையல்கட்டு மேடை மாதிரி ஒன்று அது. மேடை சின்னதாக இருந்தால் காய் நறுக்குகிற இடத்தில் மாவு பிசைய முடியாது. பெரிதாக இருந்தால் எல்லா வேலையையும் ஒரே நேரத்தில் பரப்பிக்கொள்ளலாம். பழைய ரேமுக்குப் பக்கத்தில் காலியாக இன்னொரு ஸ்லாட் இருந்தது. ஸ்லாட் என்றால் ரேமைச் செருகுகிற நீளமான பள்ளம். அதில் இன்னொரு நாலு ஜிபியைச் செருகிவிட்டால் முடிந்தது.

முடிந்ததா? பயந்த ஆளிடம் ஒரு செல்போனைக் கொடுத்து 'படி' என்று சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. ரேமில் தலைமுறை உண்டாம். மூன்றாம் தலைமுறைக்காரர் இருக்கும் இடத்தில் நான்காம் தலைமுறைக்காரர் உட்கார மாட்டாராம். வேகம் ஒத்துப்போக வேண்டும். வோல்டேஜ் ஒத்துப்போக வேண்டும். சில ரேம்கள் ஒரு வகைப் போர்டோடு, அதாவது எல்லாப் பாகங்களும் உட்காரும் பலகையோடு, மட்டும்தான் பேசுமாம், மற்றவற்றோடு முகம் கொடுக்காதாம். கையில் இருக்கும் மின்சாரமே ரேமைக் கொன்றுவிடுமாம், ஆகவே தொடுவதற்கு முன் இரும்பைத் தொட வேண்டுமாம். அதைப் படித்த நிமிடத்திலிருந்து நான் ஜன்னல் கம்பியைத் தொட ஆரம்பித்தேன். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. என்னைப் பார்த்து இனியாவும் தொட்டாள். எதிர்வீட்டு அக்கா, "என்னா சுபா, ஏதாவது வேண்டுதலா?" என்று கேட்டார்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். பயத்தோடு கூடவே எனக்கு ஒரு ஆர்வமும் வந்துவிட்டிருந்தது. இத்தனை வருடம் ஒரே அறையில் குடியிருந்தவளின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று முதல்முறையாகப் பார்க்கிறேன்! மேஜைக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் நேரம் போவது தெரியவில்லை.

விழுப்புரத்தில் கேட்ட கடைகளில் எல்லாம் ஒரே பதில். "இந்த மாடலு ரேமு இப்பலாம் வர்றதில்ல மேடம்." திண்டிவனத்தில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் புலம்பியபோது அம்மா சொன்னார், "நம்ம வூட்டுத் தெருமுனையில பாஸ்கர்னு ஒரு தம்பி பழைய கம்ப்யூட்டருங்களை மலையாட்டம் அடுக்கி வெச்சுக்கினு உக்காந்துக்குது. வந்து பாரேன். அப்டியே என்னையும் பாத்த மாதிரி இருக்கும்."

இனியாவை மாமாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். மாமா அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விழுப்புரம் திண்டிவனம் தடத்திலேயே பாதி ஆயுள். "கூட்டேரிப்பட்டுல வண்டி நிக்கும். எறங்கிடாத, டீ குடிக்கவும் எறங்காத. உன்ன உட்டுட்டுப் போய்ருவான்," என்றார். (நான் திண்டிவனத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதை அவர் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.)

பாஸ்கர் கடையில் நான் கேட்ட கேள்விகளை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. எந்தத் தலைமுறை? வேகம் எவ்வளவு? வோல்டேஜ்? எல்லாப் போர்டோடும் பேசுமா? முன்பு எந்த மிஷினில் இருந்தது? அந்த மிஷின் ஏன் செத்தது?

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மேடம், நீங்க ரேமு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

ரேமின் மீது ஒட்டியிருந்த எண்களை ஒவ்வொன்றாகச் செல்போனில் இருந்த எண்களோடு ஒப்பிட்டேன். எல்லாம் பொருந்தின. வெற்றியோடு அம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது அம்மா ஒரு துணிப்பையை நீட்டினார். உள்ளே மல்லாட்டை. (வெளியூர்க்காரர்களுக்கு வேர்க்கடலை.)

"இன்னாத்துக்கும்மா இது? கையில ரேம் இருக்குது."

"பொறந்த வூட்லேர்ந்து பொண்ணு வெறுங்கையோட போவக் கூடாதுடி. உன் மாமாவுக்கு மல்லாட்டன்னா உசுரு. எடுத்துக்கினு போ."

டிபன் பாக்ஸுக்குள் ரேமை வைத்து மடியிலும், மல்லாட்டைப் பையைக் காலடியிலும் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் ஒருமுறை திறந்து பார்த்தபோது, கொஞ்சம் சின்னதாக இருக்கிறதோ என்று தோன்றியது. இப்போதெல்லாம் எல்லாமே சின்னதாகத்தானே வருகிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வீட்டில் வைத்துப் பார்த்தபோது அது ஸ்லாட்டில் பாதி தூரம்தான் வந்தது. லேப்டாப்புக்கான ரேம். தலைமுறை, வேகம், வோல்டேஜ் எல்லாம் கேட்ட நான், வீட்டில் இருப்பது மேஜைக் கம்ப்யூட்டர் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெண் பார்க்கப் போய்க் குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்துவிட்டு உயரத்தைப் பார்க்காமல் வந்த கதை.

"அம்மா, இது பாப்பா ரேம்," என்றாள் இனியா.

மாமா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, அரை டிக்கெட்ட ஏத்தி அனுப்பிட்டான் போலக்குதே!"

மறுநாள் மறுபடியும் திண்டிவனம். பாஸ்கர் முணுமுணுக்காமல் முழு நீள ரேமை எடுத்துக் கொடுத்தார். அம்மா முணுமுணுக்காமல் அடுத்த பையை நிரப்பிக் கொடுத்தார். "நேத்துதாம்மா குடுத்த!" என்றால், "நேத்து குடுத்தது நேத்து. இன்னிக்கு வெறுங்கையோட போவியா?"

இந்த இடத்தில் மாமா மல்லாட்டை தின்னும் முறையைச் சொல்லியாக வேண்டும். அவருக்கு மேல்வரிசை முழுக்கப் பல்செட். வறுத்த மல்லாட்டையின் சிவப்புத் தோல் ஒரு துணுக்கு உள்ளே போனாலும் செட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு உயிரை எடுக்கும். ஆகவே தோலே இல்லாமல்தான் சாப்பிடுவார். வறுத்து ஆறவைத்து, தட்டில் போட்டு இரண்டு உள்ளங்கையாலும் பரபரவென்று தேய்ப்பார். பிறகு இரண்டு கையிலும் அள்ளி, டேபிள் ஃபேனுக்கு முன்னால் உயரத்திலிருந்து தட்டுக்குள் விடுவார். பருப்பு தட்டில் விழும். தோல் காற்றில் பறந்துவிடும். பார்க்கவே அழகாக இருக்கும். இனியா கைதட்டுவாள். எனக்கும் அதில் ஒரு சந்தோஷம் உண்டு. அவ்வளவு தேய்த்தும் தரையில் பெருக்குவதற்கு அதிகம் இருக்காது.

(ஆமாம். அந்தத் தோலெல்லாம் எங்கே போகிறது என்று நான் யோசிக்கவில்லை. படித்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

சாயங்காலம் ஆபரேஷன். கம்ப்யூட்டரை அணைத்து ஒயரைப் பிடுங்கினேன். வளையலைக் கழற்றினேன். ஜன்னல் கம்பியைத் தொட்டேன். இனியாவும் தொட்டாள். மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடி மல்லாட்டை மென்றுகொண்டே, "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் இருக்குது பாரு," என்று உற்சாகப்படுத்தினார். ரேமை வைத்து அழுத்தினேன். ஒரு பக்கம் 'டிக்' என்றது. இன்னொரு பக்கம் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் அழுத்தப் பயமாக இருந்தது. ஒருவேளை அது அமைதியான சுபாவமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் அலறியது. 'பீ... பீ... பீ...' திரை கறுப்பு.

"ஐ! ஆம்புலன்ஸ்!" என்று இனியா துள்ளினாள்.

எடுத்துவிட்டால் பழையபடி ஓடியது. வைத்தால் பீ. எடுத்தால் ஓடியது. வைத்தால் பீ. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டேன்: பொருத்தமில்லை. மறுபடியும் படிக்க உட்கார்ந்தேன். சிப்புகள் ஒரு பக்கம் மட்டும் இருக்க வேண்டுமா, இரண்டு பக்கமும் இருக்க வேண்டுமா என்று ஒரு கோஷ்டி இணையத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. புரியவில்லை. ஆனால் நிச்சயம் அதுதான் காரணம் என்று தோன்றியது.

புதுச்சேரியில் ஷிப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரரிடம் பீ சத்தத்தையும் சிப்புச் சண்டையையும் விளக்கினேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "சுபா, பழசை எடுத்துட்டு அந்த எடத்துல புதுச வெச்சுப் பாத்தியா?" என்று கேட்டார்.

"ஐயோ! ஓடிக்கினு இருக்கறதப் போயி தொடச் சொல்றீங்களா? அதுவும் போச்சுன்னா?"

"செரி, தொடாத," என்று குளிக்கப் போய்விட்டார். (இந்த உரையாடலை அவர் இப்போதும் வார்த்தை மாறாமல் சொல்லிக்காட்டுவார்.)

சனிக்கிழமை மூன்றாவது பயணம். பஸ் கண்டக்டருக்கே என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. பாஸ்கர் அந்த ரேமை வாங்கித் தன் கம்ப்யூட்டர் ஒன்றில் செருகினார். அது சமர்த்தாக ஓடியது. என் வீட்டில் அலறியதே, இங்கே வாயே திறக்கவில்லை. மாமியார் வீட்டில் ஒரு முகம், பிறந்த வீட்டில் ஒரு முகம்.

"பாத்தீங்களா? ரேமு பக்காவா இருக்குது. உங்க போர்டுதான் அவுட்டு," என்றார் பாஸ்கர்.

"அப்ப பழைய ரேமுல மட்டும் எப்படிங்க ஓடுது?"

அவர் சற்று யோசித்தார். "அது போயிக்கினு இருக்குது மேடம். முழுசாப் போவல. பாதி உயிரு. எதுக்கும் இந்த வேற ரேமையும் கொண்டு போங்க. இது எந்த மிஷின்ல போட்டாலும் ஓடும். இதுவும் ஓடலன்னா ஜல்தியா வேற போர்டப் பாத்துருங்க."

அம்மா வீட்டு வாசலில் பை தயாராக நின்றது. வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு வயதான அம்மா, "யாராவது ஒடம்பு சரியில்லாம கீறாங்களாம்மா?" என்று கேட்டார். "கம்ப்யூட்டருங்க," என்றேன். அவர் மெதுவாகத் தள்ளி உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பாஸ்கர் கொடுத்த இரண்டு ரேமையும் காலி ஸ்லாட்டில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். இரண்டும் பீ. முந்தின தடவை ஒரு பக்கமாவது 'டிக்' என்றது. இப்போது எந்தப் பக்கமும் சொல்லவில்லை. போர்டு முக்கால் உயிரை விட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். பின்னால் மாமா புது மல்லாட்டையைத் தேய்த்துத் தூற்றிக்கொண்டிருந்தார். தோல் சிவப்புப் பட்டாம்பூச்சி மாதிரி என்னைத் தாண்டிப் பறந்தது. நான் துயரத்தில் இருந்ததால் ரசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்காரருக்கு ஷிப்ட். 'நேரத்துக்கு வராதவர்களுக்கு வேறு நாள் கொடுப்பது வழக்கமில்லை' என்று அந்த நிறுவனம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. கையில் செல்போன் மட்டும்தான். அதில் கரும்பலகையையும் என் முகத்தையும் சேர்த்துக் காட்ட முடியாது. செல்போன் வழியாக வகுப்பில் நுழைந்தேன். சென்னையிலிருந்து ஒரு ஒருங்கிணைப்பாளர் அம்மா இருந்தார். மாணவர்களாக நடிக்க இரண்டு குழந்தைகளை உட்கார வைத்திருந்தார்.

"மேடம், கம்ப்யூட்டர் ஆன் ஆயிட்டிருக்கு. ஒரு அஞ்சு நிமிஷம் குடுப்பீங்களா?" என்று கெஞ்சினேன்.

"சரிங்க, வெயிட் பண்றோம்."

சத்தத்தை அணைத்துவிட்டு (அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு) செல்போனைக் கவிழ்த்து வைத்தேன். மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். செய்வதற்கு எதுவும் இல்லை. ஏழு மணி வேனின் ஹாரன் காதில் கேட்டது.

அப்போது மாமா பின்னால் ஒரு சத்தம் எழுப்பினார். "ஸ்ஸ்... அட, இது வேற பேஜாரு."

"என்னாச்சு மாமா?"

"பல்லு உக்கார மாட்டேங்குதும்மா. ஒரு பக்கம் உக்காருது, ஒரு பக்கம் தூக்கிக்கினு நிக்குது. தோலு ஒண்ணு உள்ள பூந்துக்குச்சு போல."

எழுந்துபோய்ச் செட்டைக் கழற்றிக் கொப்பளித்துவிட்டு வந்தார். மறுபடியும் மாட்டினார். டிக். டிக். இரண்டு பக்கமும்.

ஒரு பக்கம் உட்காருது, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்குது. நான் மாமாவின் வாயைப் பார்த்தேன். ஸ்லாட்டைப் பார்த்தேன். மறுபடியும் மாமாவின் வாயைப் பார்த்தேன்.

"இன்னாம்மா அப்டிப் பாக்கற? செட்டு கோணலா கீதா?"

ஒரு வாரமாக உட்காருகிற ஆளைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தேன். அவருடைய ஊர், உயரம், தலைமுறை எல்லாம் கேட்டாயிற்று. உட்காருகிற இடத்தை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இப்போது எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். வேலைகூட இரண்டாம்பட்சமாகிவிட்டது. ஓடுகிறதைத் தொடக் கூடாது என்று இத்தனை நாள் கும்பிட்டு வைத்திருந்த பழைய ரேமைக் கழற்றினேன். (ஜன்னல் கம்பியைத் தொடக்கூட மறந்துவிட்டேன்.) அந்த இடத்தில் புதியதை வைத்து அழுத்தினேன். டிக். டிக். சுவிட்சைப் போட்டேன்.

கம்ப்யூட்டர் ஓடியது!

"மாமா! ரேமு நல்லாருக்குது! போர்டும் நல்லாருக்குது! அந்த ரெண்டாவது எடந்தான் கோளாறு!"

"சீட்டு உடைஞ்சிருக்குதா?"

அணைத்து, ஒயரைப் பிடுங்கி, டார்ச்சை அடித்து, மூக்கு போர்டில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன். காலி ஸ்லாட்டின் கறுப்புப் பள்ளத்துக்குள் சிவப்பாக ஏதோ ஒன்று. ஒன்றல்ல, ஒரு வரிசை.

"மாமா... தோலு."

"இன்னா தோலு?"

"மல்லாட்டத் தோலு மாமா! உங்க மல்லாட்டத் தோலு! பூரா ரொம்பிக் கெடக்குது!"

"என் தோலு எப்டிம்மா அங்க போவும்? நான் இங்கதான உக்காந்திருக்கறேன்!"

"நீங்க ஃபேனுக்கு முன்னாடி தூத்துனீங்கல்ல? ஃபேன் எங்க பாத்துக்கினு இருக்குது?"

மாமா ஃபேனைப் பார்த்தார். ஃபேன் பார்க்கும் திசையைப் பார்த்தார். கண்டக்டராக இருந்தவர், பழியை அவ்வளவு சீக்கிரம் தன் தலையில் இறக்கி வைக்க விடமாட்டார்.

"நான் தட்டுலதாம்மா போட்டேன். ஃபேனு உள்ள ஊதுச்சு. ஃபேன அங்க வெச்சது யாரு? உன் புருசன். மல்லாட்டய மூட்ட மூட்டயா கொண்டாந்தது யாரு? நீ. நடுவுல என்ன மட்டும் ஏன் புடிக்கற?"

கணக்கு சரிதான். ஒவ்வொரு முறை ரேம் மாற்றப் போனபோதும் ஒரு பை தோலையும் சேர்த்து நானேதான் சுமந்து வந்திருக்கிறேன்.

"இனியா! உன் பெயிண்ட் பிரஷ் எடுத்துக்கினு ஓடி வா!"

"நகரு, நான் ஒரு ஊது ஊதிடறேன்," என்று மாமா குனிந்தார்.

"வேணாம் மாமா! நீங்க மட்டும் ஊதாதீங்க! கையெடுத்துக் கும்புடறேன், நீங்க ஊதுனது போதும்!"

பிரஷ்ஷின் முனையால் ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்தேன். இனியா அவற்றை உள்ளங்கையில் வாங்கி, "ஐ, இன்னொண்ணு! ஐ, இன்னொண்ணு!" என்று ஏலம் விட்டாள். கடைசித் துணுக்கு வந்ததும் பழைய ரேமையும் புதிய ரேமையும் ஆளுக்கொரு இடத்தில் வைத்து அழுத்தினேன். டிக், டிக். சுவிட்ச். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் காத்திருந்தோம். பீ வரவில்லை. திரை வந்தது. அந்தச் சோதனை மென்பொருளை ஓட்டினேன். பச்சை எழுத்து.

"எட்டு ஜிபி!" என்று கத்தினேன்.

"போலாம் ரைட்!" என்று மாமா கத்தினார்.

அப்போதுதான் கவிழ்த்து வைத்திருந்த செல்போனிலிருந்து யாரோ சிரிப்பது கேட்டது.

எடுத்துப் பார்த்தேன். நான் சத்தத்தை அணைக்கவில்லை. அவர்களுடைய சத்தத்தைத்தான் குறைத்து வைத்திருந்தேன். பல்செட்டிலிருந்து 'போலாம் ரைட்' வரை ஒன்றுவிடாமல் சென்னைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"சுபா மேடம்," என்றார் ஒருங்கிணைப்பாளர், குரலைச் சமாளித்துக்கொண்டு. "உங்க சிஸ்டம் ரெடி ஆயிடுச்சுன்னு எங்களுக்கே தெரிஞ்சிருச்சு. ஆரம்பிக்கலாமா?"

கம்ப்யூட்டர் வழியாக நுழைந்தேன். கண்ணாடி பார்க்க நேரமில்லை. பின்னங்களைப் பற்றிய பாடம். ஒரு வாரமாகத் தயாரித்த முதல் வாக்கியம் எனக்கு ஞாபகம் வரவில்லை. (நினைவகம் போதாது.) வாயைத் திறப்பதற்குள் இரண்டு குழந்தைகளில் சின்னது கையைத் தூக்கியது.

"மிஸ், ஒரு டவுட்டு."

"கேளும்மா."

"அந்தத் தாத்தாவுக்குப் பல்லு உக்காந்துச்சா?"

பின்னாலிருந்து மாமா, "உக்காந்துச்சுடா கண்ணு!" என்றார்.

அதற்கு மேல் மானம் போக எதுவும் பாக்கி இல்லாததால் பயம் விட்டுப்போய்விட்டது. மாமாவின் தட்டிலிருந்து ஒரு கைப்பிடி மல்லாட்டையை எடுத்து கேமராவுக்கு முன்னால் வைத்தேன். ஒரு பருப்பைப் பிளந்தால் எத்தனை பாதி? இரண்டு பாதியைச் சேர்த்தால்? அப்படியே வகுப்பு ஓடிவிட்டது. முடிவில் இனியா கேமராவுக்குள் கையை நீட்டி, சேர்த்து வைத்திருந்த தோல் அத்தனையையும் அவர்களுக்குக் காட்டினாள். என் முடியில் ஒரு தோல் ஒட்டியிருந்ததைப் பிறகுதான் கண்ணாடியில் பார்த்தேன்.

வேலை கிடைத்தது. எதனால் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. இன்றுவரை ஏழு மணிக்கு அந்தத் துப்பட்டா முடிச்சு அவிழாமல்தான் இருக்கிறது.

கம்ப்யூட்டருக்குப் பக்கத் தகடு மாட்டியாயிற்று. ஃபேன் சுவரைப் பார்க்கிறது. மாமா மொட்டை மாடிக்குப் போய்த்தான் தூற்றுகிறார். கீழ்வீட்டுக்காரர் துணி காயப் போடுவதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொள்கிறார். அம்மா இன்னமும் பையை நீட்டுவதை நிறுத்தவில்லை. பாஸ்கரிடம் மட்டும் நான் உண்மையைச் சொல்லவில்லை. எப்போது பார்த்தாலும், "போர்டு மாத்திட்டீங்களா மேடம்?" என்று கேட்பார். "ஓடுதுங்க, சமாளிச்சுக்கினு இருக்குது," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

வீட்டில் எது ஓடவில்லை என்றாலும் இப்போது ஒரே கேள்விதான்: "தோலு பாத்தியா?" பைக் கிளம்பாவிட்டால், மிக்ஸி சுற்றாவிட்டால், வீட்டுக்காரர் ஒருநாள் என்னோடு பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்திருந்தால்கூட இனியா டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் வாய்க்குள் அடித்துப் பார்க்கிறாள்.

போன மாதம் மாமாவுக்குப் புது பல்செட் வாங்கப் போயிருந்தோம். செட் சரியாக உட்காரவில்லை. இளவயது டாக்டர் அதை அங்கே அராவினார், இங்கே அராவினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அளவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். மாமா வாயைத் திறந்தபடியே பொறுமையாக இருந்தார். பிறகு டாக்டரின் கையைத் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"டாக்டர், செட்டயே பாத்துக்கினு இருந்தா வேலைக்கு ஆவாது. மொதல்ல ஸ்லாட்டுல டார்ச் அடிங்க. எங்க வூட்ல ஒரு ரேமு இப்டிதான் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் மூணு ட்ரிப் அடிச்சுது."

டாக்டர் ஒன்றும் புரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டு வெளியே பார்த்தேன்.